ஓடக்காரன் என்ற இரண்டாம் ஒயின்

போய்யாக்
17 நவம்பர் 1985

அன்புள்ள ஆன்செல்ம் அண்ணா,

இங்கே நாங்கள் சுகம். லூசியனுக்கு மட்டும் முதுகுப் பிடிப்பு. கட்டிய மனைவி சொல்வதைக் கேட்காமல் அறுவடைக் கூடையைத் தூக்கினால் வேறென்ன வரும்? லியேஜ் மழையில் உன் இருமல் எப்படி இருக்கிறது? ஜோசியான் அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா?

அறுவடை முடிந்தது. செப்டம்பர் முழுக்க மழை ஒரு துளி இல்லை. பழம் கையில் ஒட்டுகிற அளவுக்கு இனிப்பு. நேற்று அறுவடை விருந்து நடந்தது. ஃபுல்பேர் ஐயா வழக்கம்போல சூப்பின் கடைசி மடக்கில் ஒயினை ஊற்றி, கிண்ணத்தையே தூக்கிக் குடித்தார். லெஸ்பர்தாக் மாளிகையின் பெரிய ஒயினை முப்பது வருடமாகச் செய்கிற மனிதர், வரும் ஜூலையில் ஓய்வு பெறப்போகிறவர், இப்படிக் குடிப்பதைப் புதிய நிர்வாகி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

புதிய நிர்வாகியைப் பற்றிச் சொல்லவில்லையே. பெயர் வொக்லேன். பாரிஸ்காரர், வயது முப்பத்தெட்டு, காலணி எப்போதும் பளபளப்பு. என் நிலவறைக்கு வந்தார். வந்ததும் கேட்ட கேள்வி இது: "மதாம் காஸ்தெரா, நீங்க செய்றது பெரிய ஒயினுக்கு ஆகாத மிச்சம்தானே?"

"மிச்சம் இல்ல மிஸ்யே. ஆத்தோரத் தோட்டத்துப் பழம், இளங்கொடிப் பழம். அது வேற சமையல். அதுக்கு ஓடக்காரன்னு பேரு இருக்கு, லேபிள் இருக்கு. பத்தொன்பது வருஷமா நான்தான் செய்றேன்."

"அப்படியா," என்றார். அந்த 'அப்படியா' எனக்குப் பிடிக்கவில்லை.

குளிருக்கு முன்னால் கம்பளிச் சட்டையை வெளியே எடு. அண்ணிக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை,
எர்மீன்

*

லியேஜ்
3 டிசம்பர் 1985

என் செல்லத் தங்கை எர்மீனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இருமல் இருந்தது, படித்து முடித்ததும் போய்விட்டது. சிரித்ததில் சளி வெளியே வந்திருக்க வேண்டும். ஜோசியானின் முழங்கால் மழைக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. வானொலி எங்களுக்குத் தேவையில்லை. லூசியன் மாப்பிள்ளையைப் படுக்கச் சொல்.

உணவகம் நன்றாக நடக்கிறது. கிறிஸ்துமஸ் இரவுக்கு எல்லா மேசையும் போய்விட்டது. ஒயின் பட்டியலின் முதல் வரியில் லெஸ்பர்தாக். வாடிக்கையாளர்களிடம் "என் தங்கச்சி லெஸ்பர்தாக்லதான் இருக்கா" என்று ஒரு வார்த்தை விடுவேன். உடனே பாட்டில் திறக்கச் சொல்லிவிடுவார்கள். உன்னால் எனக்கு லாபம், உனக்குத்தான் கமிஷன் கிடையாது.

புதிய நிர்வாகி பற்றிப் பயப்படாதே. பாரிஸ்காரர்களுக்கு முதல் வருடம் எல்லாம் மிச்சமாகத்தான் தெரியும். இரண்டாவது ஒயின் என்பது அண்ணன் சட்டையைத் தம்பி போடுவது மாதிரி. போடுகிற தம்பிக்குக் குளிர் அடங்கினால் போதாதா? நீ என்னவோ அந்தச் சட்டைக்குத் தனிப் பெயர் வைத்துக் கொஞ்சுகிறாய். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

கோபித்துக்கொள்ளாதே. போனில் இதைச் சொன்னால் நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தடித்த அண்ணன்,
ஆன்செல்ம்

*

போய்யாக்
26 ஜனவரி 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

புத்தாண்டில் எல்லோரும் நலமாயிருக்க வேண்டும். லூசியன் எழுந்து கொடி வெட்டப் போகத் தொடங்கிவிட்டான். எனக்கு உடம்பு சரியாக இருக்கிறது. மனதுக்குத்தான் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கலவை முடிந்தது. ஒவ்வொரு தொட்டியையும் ருசி பார்த்து, எது பெரிய ஒயினுக்கு, எது ஓடக்காரனுக்கு என்று பிரித்தோம். ஃபுல்பேர் ஐயா தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். எனக்கு வேண்டியதை நான் கேட்டு வாங்கினேன். ஆற்றோரத்து ஏழாம் தொட்டிக்கு இரண்டு பேரும் அரை மணி நேரம் வாதாடினோம். "சரி, எடுத்துக்கோ தாயே, உன் வாயை ஜெயிக்க முடியுமா," என்றார். ஆற்றைப் பார்க்கிற கொடிதான் நல்ல ஒயின் தரும் என்று இந்த ஊரில் சொல்வார்கள். என் கொடிகள் ஆற்றைப் பார்ப்பது மட்டுமில்லை, அதனோடு பேசுகின்றன. அண்ணா, இந்த வருடத்து ஓடக்காரனைப்போல ஒன்றை நான் செய்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன். பெருமையாகவே எடுத்துக்கொள்.

மறுநாள் வொக்லேன் கூப்பிட்டார். இனி லெஸ்பர்தாக்கிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் வெளியே போக வேண்டுமாம். ஓடக்காரனை அடுத்த வருடத்திலிருந்து லாரித் தொட்டியில் ஏற்றி மொத்த வியாபாரிக்கு விற்றுவிடலாமாம். அவன் அதை எதனோடு கலப்பான், என்ன பெயர் ஒட்டுவான் என்று நமக்குத் தெரியாது. என் வேலைக்கும் சம்பளத்துக்கும் ஒன்றும் ஆகாதாம். அதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு வேறு.

"நான் சம்பளத்தைப் பத்திக் கேக்கல மிஸ்யே. பேரைப் பத்திக் கேக்குறேன்."

"ஏப்ரல்ல சுவைஞர்கள் வர்றாங்க. அவங்க அதைக் குடிச்சிட்டு என்ன சொல்றாங்கன்னு பாப்போம். அப்புறம் முடிவு செய்றேன்."

அவ்வளவுதான் அண்ணா. பத்தொன்பது வருடம் ஏப்ரலில் ஒரு மடக்கில் இருக்கிறது.

அண்ணியின் முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலையைச் சூடாக்கிக் கட்டச் சொல்.

எர்மீன்

*

லியேஜ்
9 பிப்ரவரி 1986

அன்புத் தங்கைக்கு,

இலை கட்டினோம், வீடெல்லாம் முட்டைக்கோஸ் வாசனை, முழங்கால் அப்படியேதான். ஆனாலும் ஜோசியான் உன்னை வாழ்த்துகிறாள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வியாபாரி புத்தியோடு ஒன்று சொல்கிறேன், கேள். சம்பளம் குறையவில்லை, வேலை குறையவில்லை. போவது ஒரு லேபிள். என் உணவகத்தில் எத்தனை பேர் ஓடக்காரன் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் தெரியுமா? ஒருவரும் இல்லை. "லெஸ்பர்தாக்கோட சின்னது இருக்கா, விலை கம்மியா?" என்றுதான் கேட்பார்கள். உனக்கு இப்போது நாற்பத்தேழு வயது. ஃபுல்பேர் போனதும் பெரிய ஒயின் உன் கைக்கு வர வாய்ப்பு இருக்கிறது. அதைப் பார். சின்னதற்காகச் சண்டை போட்டுப் பெரியதைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஏப்ரலில் அந்தச் சுவைஞர்களோடு எங்கள் ஊர் வாத்தர்ஸும் வருகிறார். பிரஸ்ஸல்ஸ் பத்திரிகையில் ஒயின் பற்றி எழுதுகிற கிழவர், என் ஐந்தாம் மேசைக்காரர். அவர் நல்லது சொன்னால் பெல்ஜியம் முழுக்க வாங்கும்.

கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன்.

ஆன்செல்ம்

*

போய்யாக்
2 மார்ச் 1986

அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம்.

சென்ற வாரம் புயலும் கடலிலிருந்து ஏறிவந்த நீரும் சேர்ந்து ஆறு கரை ஏறி என் நிலவறைக்குள் வந்துவிட்டது. கணுக்கால் வரை தண்ணீர். இருபத்திரண்டு பீப்பாய்களை மேலே பெரிய ஒயின் கூடத்துக்கு ஏற்றி, கடைசி மூன்று வரிசையில் வைத்தோம். ஃபுல்பேர் ஐயா மார்ச்சளியில் மூன்று வாரமாகப் படுக்கை, அதனால் நானும் இரண்டு ஆட்களும்தான் தூக்கினோம். எல்லாமே லெஸ்பர்தாக் இருந்துவிட்டுப் போன பழைய பீப்பாய்கள், முகப்பில் பெரிய ஒயினின் சூட்டு முத்திரை. வித்தியாசம் தெரிய சாக்பீஸால் அலைக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

நீ எழுதிய சட்டைக் கணக்குக்கும் 'சின்னது' கணக்குக்கும் பதில் எழுத இப்போது நேரமில்லை.

எர்மீன்

*

போய்யாக்
13 ஏப்ரல் 1986

அன்புள்ள அண்ணா,

இங்கே அனைவரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரித்ததாக அண்ணியிடம் சொல்.

சுவைஞர்கள் புதன்கிழமை வந்தார்கள், ஐந்து பேர். எல்லாம் நல்லபடியாக நடந்தது. மதியம் ஆட்டுக்குட்டி வறுவல், அதுவும் நன்றாக இருந்தது. லூசியனின் முதுகு இப்போது முழுக்கக் குணமாகிவிட்டது. தோட்டத்தில் மொட்டு வெடிக்கத் தொடங்கிவிட்டது.

வேறு விசேஷம் இல்லை.

எர்மீன்

*

லியேஜ்
29 ஏப்ரல் 1986

அருமைத் தங்கைக்கு,

இருமல் இல்லை, முழங்கால்கூட இல்லை, வீட்டில் கொண்டாட்டம்தான். நீ 'நல்லபடியாக நடந்தது' என்று நாலு சொல்லில் முடித்துவிட்டாய். இங்கே ஊரே பேசுகிறது.

சனிக்கிழமை வாத்தர்ஸ் சாப்பிட வந்தார். உட்கார்ந்ததும், "ஆன்செல்ம், உன் தங்கச்சி வேலை பாக்குற மாளிகை இந்த வருஷம் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுருச்சு," என்றார். சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எனக்கு மட்டும் படித்துக் காட்டினார். ஒரே வரி. "லெஸ்பர்தாக்: இந்த ஒயின் குரலை உயர்த்துவதில்லை, ஆனால் அது பேசி முடிக்கும்வரை மேசையை விட்டு யாரும் எழ மாட்டார்கள்."

நான் அவரைப் படிக்கிற முப்பது வருடத்தில் அவர் இப்படி எழுதியதில்லை. அந்த வரியை அழகாக எழுதிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டேன். அறுபது பாட்டிலுக்கு முன்பதிவும் செய்துவிட்டேன். கட்டுரை ஜூலையில் வருகிறதாம். ஃபுல்பேர் ஐயாவிடம் என் வணக்கத்தைச் சொல். ஓய்வு பெறுகிற வருடத்தில் மனிதர் கிரீடம் வைத்துக்கொண்டு போகிறார்.

அப்புறம், உன் ஓடக்காரன் என்ன ஆனான்? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

பெருமையில் பூரித்திருக்கும்,
ஆன்செல்ம்

*

லியேஜ்
22 மே 1986

அன்பு எர்மீனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? மூன்று வாரத்துக்கு மேலாகப் பதில் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன். லூசியன் எடுத்து, "அவ தோட்டத்துல இருக்கா," என்கிறான். இரவு ஒன்பது மணிக்கு எந்தத் தோட்டம்?

ஓடக்காரன் பெயர் போய்விட்டதா? அதனால்தான் எழுதவில்லையா? நான் முன்பு எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. என் வாய் அப்படி. ஜோசியான் சொல்கிறாள்: "நீங்க எழுதுன கடிதத்துக்கு நானா இருந்தா தபால் தலை ஒட்டிக்கூடப் பதில் போடமாட்டேன்."

நாலு வரி எழுது.

அண்ணன்

*

போய்யாக்
1 ஜூன் 1986

அன்புள்ள அண்ணா,

உடம்பு நலம். உன்னைத் தவிக்க வைத்ததற்கு மன்னித்துவிடு. அண்ணியிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் வாசலில் மாட்டியிருக்கும் அந்தச் சட்டத்தைக் கழற்று. வாத்தர்ஸ் குடித்தது லெஸ்பர்தாக் இல்லை. அது என் ஓடக்காரன்.

நடந்ததைச் சொல்கிறேன். சுவைஞர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கூடம் முழுக்கக் கழுவச் சொன்னார் வொக்லேன். பீப்பாய்களைத் துடைத்து, வயிற்றுப் பாகத்துக்கு வழக்கம்போலப் புதிதாக ஒயின் வண்டல் பூசினார்கள். புதிய பீப்பாயும் பழைய பீப்பாயும் ஒரே சிவப்பு. முகப்பில் ஒரே முத்திரை. என் சாக்பீஸ் கோடு துணியோடு போய்விட்டது. புதன்கிழமை கதவருகே பெரிய ஒயின் பீப்பாய்களிடம் நிற்க வேண்டியவர்களை, "அந்தக் கோடியில வெளிச்சம் நல்லாருக்கு, போட்டோ எடுக்கலாம்" என்று வொக்லேன் உள்ளே அழைத்துப் போனார். ஃபுல்பேர் ஐயா முதல் நாள்தான் படுக்கையை விட்டு எழுந்து வந்திருந்தார். கடைசி மூன்று வரிசையில் என் பீப்பாய்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் அடைப்பானைத் தட்டி எடுத்து, கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, ஒயினை ஐந்து கோப்பையிலும் ஊற்றினார்.

யாருக்கும் தெரியவில்லை என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். அப்படி எழுதி இரண்டு கடிதத்தைக் கிழித்தும் போட்டேன். எனக்குத் தெரியும் அண்ணா. எனக்கும் அவருக்கும் நடுவில் நாலடி தூரம். 'ஐயா, அது இல்ல' என்று சொன்னால் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது யார் என்று தெரியாமல் அவர்கள் குடிக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்து ஓடக்காரனுக்கென்று எடுத்து வைத்திருந்த மாதிரிப் பாட்டிலைத் திறப்பார்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று நின்றேன். வாத்தர்ஸ் குறிப்பேட்டை மூடியதும் வொக்லேன், "சாப்பாடு ஆறிடும்" என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். என் பாட்டிலை யாரும் திறக்கவே இல்லை. ஜனவரியில் கொடுத்த வாக்கு அவ்வளவுதான்.

பிறகு நீ எழுதினாய், 'ஃபுல்பேர் கிரீடம் வைத்துக்கொண்டு போகிறார்' என்று. அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ஒயினுக்குக் கிடைத்த பேச்சை அவர் தலையில் வைத்துவிட்டு நிற்கிறேன். போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும்மா," என்றார்.

"என்ன தெரியும்?"

"குழாயை வெளிய எடுத்ததுமே மூக்குக்குத் தெரிஞ்சு போச்சு. பத்தொம்பது வருஷமா ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் குடிக்கிறது உன் ஓடக்காரனைத்தான். என் ஒயினை வீட்ல குடிக்க எனக்கு எங்க கட்டுப்படியாகுது?"

"அப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"முதல்ல பயந்துட்டேன். அப்புறம் அந்த பெல்ஜியக்காரர் முகத்தைப் பாத்தேன். ஒரு மனுஷன் உண்மையச் சொல்லிட்டிருக்கறப்ப நடுவுல புகுந்து என்னத்தைப் பேசுறது?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தால் பாதி, மீதி பெருமையால். முப்பது வருடம் பெரிய ஒயின் செய்தவரின் மூக்கு என் ஒயினை அடையாளம் கண்டிருக்கிறது. இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யார் கொடுப்பார்?

மறுநாள் இருவரும் வொக்லேனிடம் போய்ச் சொன்னோம். கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "ஓடக்காரன் பேரு இருக்கட்டும். லேபிளும் இருக்கட்டும். வேணும்னா எழுதியே தர்றேன். ஆனா இந்தக் கதை இந்த ரூமைத் தாண்டக் கூடாது."

நான் கேட்டது கிடைத்துவிட்டது அண்ணா. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது?

எர்மீன்

*

லியேஜ்
6 ஜூன் 1986

எர்மீனுக்கு,

நாங்கள் நலம்.

புதன்கிழமை உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'எழுதி வாங்கிக்கொள், வாயை மூடிக்கொள், பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது உலகத்தில் நீ ஒருத்தி மட்டுமில்லை' என்று. நல்ல வியாபாரியின் கடிதம் அது. உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன்.

நேற்று இரவு வாசலில் ஒரு குடும்பம் அந்தச் சட்டத்தைப் படித்தது. மகள் வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் அப்பன் தொப்பியைக் கழற்றினான். நான் அவர்களிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தேன்: "என் தங்கச்சி லெஸ்பர்தாக்லதான்..." அதற்குமேல் வரவில்லை. பத்தொன்பது வருடமாக அந்த வாக்கியத்தை நான் பாதியில்தான் நிறுத்துகிறேன். நீ அங்கே என்ன செய்கிறாய் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது என்று சொல்ல எனக்குக் கூச்சம். இது உனக்குத் தெரிந்தே இருக்கும். நான் இப்போதுதான் எழுதுகிறேன்.

சட்டத்தைக் கழற்றிவிட்டேன். புதன்கிழமைக் கடிதத்தை ஜோசியான் அடுப்பில் போட்டாள். உனக்கு யோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீ எதைச் செய்தாலும் அது என் தங்கை செய்தது என்று சொல்வேன்.

ஆன்செல்ம்

*

போய்யாக்
22 ஜூன் 1986

அன்புள்ள அண்ணா,

இங்கே கொடி பூத்திருக்கிறது, தோட்டமெல்லாம் மணம். அண்ணியின் முழங்காலை விசாரித்தேன், உன் கூச்சத்தையும் விசாரித்தேன். இரண்டும் குணமாகட்டும்.

உன் கடிதம் வருவதற்குள் ஃபுல்பேர் ஐயா முந்திக்கொண்டார். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகிற சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, ஐந்து தாளும் ஐந்து உறையும் மேசைமேல் வைத்தார்.

"எனக்கு வந்த பாராட்டு எனக்குச் சொந்தமில்ல. அதைத் தூக்கிட்டு நான் எப்படிம்மா ஓய்வுக்குப் போவேன்? வீட்ல தினமும் உன் ஒயின் முகத்துல முழிக்கணுமே."

ஐந்து சுவைஞர்களுக்கும் அவர் கையாலேயே எழுதினார். ஒன்றை உனக்காகப் படியெடுத்தேன்:

'ஏப்ரல் ஒன்பதாம் தேதி நான் உங்களுக்கு ஊற்றியது என் ஒயின் அல்ல. அது ஓடக்காரன். அதைச் செய்தவர் எர்மீன் காஸ்தெரா. ஊற்றும்போதே எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்தேன். என் ஒயினைச் சுவைக்க மறுபடி வாருங்கள். அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.'

அதன் கீழே நான் ஒரு வரி சேர்த்தேன்: 'அவர் ஊற்றுவதற்கு முன்பே நான் பார்த்தேன். தடுக்கவில்லை. குற்றம் என்னுடையது, ஒயினும் என்னுடையது.' இருவரும் கையெழுத்துப் போட்டோம். லூசியன் தபாலில் சேர்த்தான்.

அதற்குப் பிறகுதான் வொக்லேனிடம் போனோம். முகம் வெளுத்துவிட்டது. "உங்க பேரையும் தொலைச்சீங்க, எங்க பேரையும் தொலைச்சீங்க. அடுத்த வருஷம் அது லாரியிலதான் போகும்," என்றார்.

நான் சொன்னேன்: "போகட்டும் மிஸ்யே. ஒரு ஒயினுக்குப் பேரில்லாமப் போறது ஒரு கஷ்டம். அது திருட்டுப் பேர்ல வாழறது அதைவிடக் கஷ்டம். பேரில்லாமப் போறதை நான் தாங்கிக்குவேன்."

ஃபுல்பேர் ஐயா தொப்பியை மாட்டிக்கொண்டு, "தம்பி, அந்த ஒயினை ஒரு தடவை உக்காந்து குடிச்சுப் பாருங்க. இதுவரைக்கும் குடிக்கவே இல்லியே நீங்க," என்றார்.

வெளியே வந்தோம். என் முதுகு நிமிர்ந்திருந்தது. பெயர் போனாலும் போகட்டும் அண்ணா. ஏப்ரலிலிருந்து முதல்தடவையாக அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டேன்.

உன் எர்மீன்

*

லியேஜ்
13 ஜூலை 1986

ஓடக்காரனைச் செய்கிற என் தங்கைக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். முழங்காலும் கூச்சமும் ஏறக்குறைய குணம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிறவள். உன் ஒயினின் பெயர் எங்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை பிரஸ்ஸல்ஸ் பத்திரிகை வந்தது. 'ஓடக்காரன்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. சனிக்கிழமை காலை கடை திறப்பதற்குள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு ஒன்பது பேர் போன் செய்தார்கள். மதியம் உங்கள் வொக்லேனே போனில் வந்தார். பெல்ஜியத்துக்கு எத்தனை பெட்டி வேண்டியிருக்கும் என்று கேட்டார். "பேரை எடுக்கப்போறதா கேள்விப்பட்டேனே" என்றேன். "அப்படி யார் சொன்னது?" என்கிறார். பாரிஸ்காரர்களுக்கு ஞாபகசக்தி அவ்வளவுதான். அடுத்த வாரமே உனக்குக் கடிதமும் எழுதுவதாகச் சொன்னார். வாங்கிப் பத்திரமாக வை.

இப்போது வாத்தர்ஸ் கதை. உங்கள் கடிதம் அவருக்குக் கிடைத்த அன்றே சாப்பிட வந்தார். ஐந்தாம் மேசையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நான் பயந்துபோய் நின்றேன். எழுபத்திரண்டு வயது மனிதரை மற்ற நாலு சுவைஞர்கள் முன்னால் ஏமாற்றிய கதையாகிவிட்டதே. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"உன் தங்கச்சியா?" என்றார்.

"ஆமா மிஸ்யே. என் தங்கச்சிதான். இரண்டாவது ஒயினை அவதான் செய்றா. பத்தொம்பது வருஷமா அவதான் செய்றா." அண்டை மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன், எர்மீன். இதைச் சொல்வதற்கு எனக்கு இவ்வளவு வருடம் ஆயிற்று.

"பெரிய ஒயினுக்காக அடுத்த மாசம் நான் மறுபடியும் போய்யாக் போறேன். அந்தக் கிழவர் சொன்னது சரி, அதையும் குடிக்கணும்," என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து அதே குறிப்பேட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். லெஸ்பர்தாக் என்று இருந்த இடத்தில் ஒரு கோடு. மேலே பொடி எழுத்தில் ஓடக்காரன். கீழே உன் பெயர்.

"நாற்பது வருஷத்துல நான் எழுதின குறிப்பைத் திருத்துனது இதுதான் முதல் தடவை," என்றார். "பேரை மட்டும் அடிச்சேன், ஆன்செல்ம். அந்த வரியில ஒரு எழுத்தைக்கூட மாத்தல."

எர்மீனின் அண்ணன்,
ஆன்செல்ம்